லேப் கட்டுறது மட்டும் போதாது, ஹோஷங்காபாத்துல என்ன நடந்துச்சுன்னு பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

அரசுப் பள்ளி சயின்ஸ் லேப் நிலைமை பத்தி நீங்க போட்ட கட்டுரைய படிச்சேன். சொன்னது எல்லாம் உண்மைதான், ஆனா லேப் இல்லாத கிராமத்துல செய்முறையோட சயின்ஸ் நடத்தவே முடியாதுன்னு முடிச்சிருக்கீங்களே, அத ஒத்துக்க முடியல, ஏன்னா மத்தியப் பிரதேசத்துல 30 வருஷம் அரசுப் பள்ளிகள்லயே அத நடத்திக் காட்டியிருக்காங்க.

ஹோஷங்காபாத் மாவட்டம், இப்ப நர்மதாபுரம்னு சொல்றாங்க. 1972ல 16 பள்ளியில ஆரம்பிச்சாங்க, ஆறாவதுல இருந்து எட்டாவது வரைக்கும். கிஷோர் பாரதி, ஃப்ரெண்ட்ஸ் ரூரல் சென்டர்னு ரெண்டு அமைப்பு சேர்ந்து எடுத்த முயற்சி, அதுல கிஷோர் பாரதிய ஆரம்பிச்ச அனில் சத்கோபால் மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவன வேலைய விட்டுட்டு வந்தவர். 1978ல மாவட்டம் முழுக்க போயிடுச்சு, 1982ல ஏகலவ்யாங்கற அமைப்பு வந்து பொறுப்ப எடுத்துக்கிச்சு.

வகுப்பு எப்படி நடக்கும்னா, நாலு நாலு பிள்ளைங்களா தரையில உக்காந்து பூவ பிரிச்சு பாக்கும், அதுக்கு ஊசி கூட வாங்கல, கருவேல முள்ளுதான். பாட புத்தகத்துல கேள்வியும் செய்முறையும்தான் இருக்கும், பதில பிள்ளைங்களே செஞ்சு பாத்து நோட்டுல எழுதணும். பரீட்சைக்கு புத்தகம், நோட்டு ரெண்டையும் எடுத்துட்டே போகலாம், மனப்பாடம் பண்ணி ஒரு பிரயோஜனமும் இல்ல. சந்தேகம் வந்தா சவாலிராம்னு ஒரு கற்பனை ஆளுக்கு லெட்டர் போடுவாங்க, பதிலும் வரும்!

எல்லாரும் முள்ளு, தீக்குச்சி, சைக்கிள் வால்வ் ட்யூப்னு செலவு கம்மியான சாமான பத்தியே பேசுறாங்க. எனக்கு அத விட பெருசா தெரியறது வாத்தியாருங்களுக்கு கெடச்ச துணை. கோடை லீவுல வாரக்கணக்குல பயிற்சி, யுனிவர்சிட்டி ஆளுங்க வந்து கூட உக்காந்து அதே செய்முறைய செஞ்சு பாப்பாங்க, அப்புறம் மாசா மாசம் கூட்டம், எந்த பாடம் வகுப்புல எடுபடலன்னு வாத்தியாருங்க சொல்ல சொல்ல புத்தகத்தையே திருத்துனாங்க. இங்க டீச்சருங்க நாங்க போற மீட்டிங்ல பாதி நேரம் ஆன்லைன் என்ட்ரி பேச்சுலயே போயிடுது, பாடம் பத்தி பேச ஆளே இல்ல.

2002ல மாநில அரசு இத நிறுத்திடுச்சு, மாநிலம் பூரா ஒரே புத்தகம்தான் இருக்கணும்னு. நாட்டுல இருந்த பெரிய விஞ்ஞானிங்க எதிர்த்தும் கேக்கல. 30 வருஷமா உருவான வாத்தியார் கூட்டத்த ஒரு உத்தரவுல கலைச்சத நெனச்சா இன்னிக்கும் ஆத்திரமா வருது.

அதனால, லேப் கட்ட ஒதுக்குற பணத்துல ஒரு பங்க சயின்ஸ் டீச்சருங்க மாசத்துக்கு ஒரு நாள் கூடி செய்முறை செஞ்சு பாக்க ஒதுக்குவாங்களான்னு கல்வித்துறைய கேட்டு, பதில உங்க பேப்பர்லயே போடுங்க.

இப்படிக்கு,
ஒரு நடுநிலைப் பள்ளி சயின்ஸ் டீச்சர்,
திருவண்ணாமலை மாவட்டம்