ஆல்பம் தந்த வீடுகளுக்கு

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் இருக்கும் அக்கா, அண்ணன், அத்தை, மாமா, தாத்தா, பாட்டி எல்லாருக்கும் வணக்கம்.

போன வாரத்தோடு என் வேலை முடிந்தது. மலேசிய ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளைப் பற்றிய அந்தக் கார்ட்டூன் தொடருக்கு நான் வரைய வேண்டிய கடைசிப் பின்னணியையும் அனுப்பிவிட்டேன். இனி அசைவு, குரல், இசை எல்லாம் மற்றவர்கள் பாடு. ஆறு மாதமாக உங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, தேநீரையும் முறுக்கையும் காலி செய்து, போகும்போது ஆல்பத்தையும் தூக்கிக்கொண்டு போனவள் நான். ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தால் நன்றாக இருக்காது.

"நீ என்னதாம்மா வேலை செய்றே?" என்று கேட்காத வீடில்லை. கார்ட்டூனில் ஓடிப் பேசும் பிள்ளைகளை வரைவது வேறு ஆட்கள். அவர்கள் ஓடும் செம்மண் சாலை, உட்காரும் படிக்கட்டு, பின்னால் தெரியும் சுண்ணாம்புக்கல் மலை, மேலே வானம், இதெல்லாம் என் கணக்கு. ஒரு லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) என்றால் முதலில் தரைப்படம் போட வேண்டும். கதவு எந்தப் பக்கம், குழாயடி எங்கே என்று அப்போதே முடிவாகிவிட வேண்டும். கேமரா எதிர்ப்பக்கம் போனதும் குழாயடி இடம் மாறி நிற்கக் கூடாது. அப்புறம் கோட்டுப்படம், அதற்குப் பிறகு நிறம். ஒரே வீட்டுக்குக் காலை, மதியம், அந்தி, இரவு என்று நான்கு நிறம் வேண்டும். பிள்ளை வந்து நிற்கப்போகும் இடத்தைக் கொஞ்சம் மங்கலாக, சாமான் சட்டி இல்லாமல் விட வேண்டும், இல்லாவிட்டால் சட்டையும் சுவரும் ஒன்றாகிவிடும். எங்கள் அம்மா இதை இன்னும் "கலர் அடிக்கிற வேலை" என்றுதான் சொல்கிறார். அதுவும் தப்பில்லை.

கதை எழுபதுகளின் நடுவில் நடக்கிறது. நான் பிறந்ததோ அதற்கு வெகுகாலம் கழித்து. பாட்டி வீட்டு லயத்தை எனக்கு ஏழு வயதில் இடித்துவிட்டார்கள், இப்போது அங்கே எண்ணெய் எடுக்கும் செம்பனைதான் நிற்கிறது. இணையத்தில் தேடினால் துரை பங்களாக்கள் வரிசை வரிசையாக வருகின்றன, லயத்தைக் காணோம். தோட்ட அலுவலகம் ஒன்றுக்கு மூன்று கடிதம் போட்டேன், பதில் இல்லை. சரி, போகட்டும். ஞாபகத்தில் இருந்ததை வைத்து வரைந்து காட்டினேன். கூட வேலை பார்க்கும் மலாய்க்கார அக்கா, "இது பேராக் மாநிலமா, உங்க வீட்டு காலண்டரா?" என்றார். தென்னை மரம், பெரிய கோபுரம், மாட்டு வண்டி எல்லாம் போட்டு வைத்திருந்தேன். வெட்கமாகப் போய்விட்டது. அந்த அக்காவுக்கு என் முதல் நன்றி.

அதற்குப் பிறகுதான் உங்கள் கதவைத் தட்டினேன். காதுகுத்து, சடங்கு, தீபாவளி, வேட்டியில் மாப்பிள்ளை, மங்கிப்போன ஸ்டூடியோ படம் என்று ஆல்பம் ஆல்பமாக எடுத்து வைத்தீர்கள். "இது யார் தெரியுதா?" என்று ஆளைக் காட்டிக் கதை சொன்னீர்கள். நான் "ம்" கொட்டிக்கொண்டே ஆளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தேன், மன்னிக்கவும். காதுகுத்துப் படத்தில் மாமன் மடியில் குழந்தை அழுகிறது. அதற்குப் பின்னால் பலகைச் சுவரில் செய்தித்தாள் ஒட்டியிருக்கிறது, ஆணியில் பால் வாளிகளைத் தோளில் தூக்கும் காண்டாக் கட்டை சாய்ந்து தொங்குகிறது, கதவிடுக்கில் மில்க் மெய்ட் டின்னில் துளசி. அந்த ஒரு படத்திலிருந்து மூன்று வீடு வரைந்தேன். ஒரே அச்சில் கட்டிய லயமாக இருந்தாலும் ஒவ்வொரு வாசலும் வேறு என்பது ஆல்பங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் தெரிந்தது.

பால் மரக் காட்டை, அதாவது ரப்பர் காட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். என்னைப் போன்ற ஆளுக்கு அது வரப்பிரசாதம். நிரை நிரையாக நட்டிருப்பதால் பத்து மரம் வரைந்தால் போதும், அதையே நீட்டிப் பிள்ளைகளை எவ்வளவு தூரமும் ஓடவிடலாம். முன் நிரை, நடு நிரை, பின் நிரை என்று தனித்தனி அடுக்காக வரைந்து, முன்னால் இருப்பதை வேகமாகவும் பின்னால் இருப்பதை மெதுவாகவும் நகர்த்தினால் காட்டுக்குள் போவது போலவே இருக்கும். டிஸ்னிக்காரர்கள் 1937இல் கண்ணாடித் தட்டுகளைக் கீழும் மேலுமாக அடுக்கி, உச்சியில் கேமராவை வைத்துச் செய்த வித்தைதான் இது. நாங்கள் கணினியில் செய்கிறோம். பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்பி ஓடும்போது அதே காட்டை இடவலமாகப் புரட்டிப் போட்டால் இன்னொரு காடு ஓசியில் கிடைக்கும். நானும் புரட்டிப் போட்டேன்.

முப்பது வருடத்துக்கு மேல் மரம் வெட்டிய, அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்த, பெரியம்மா ஒருவரிடம் அதைக் காட்டினேன். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு டேப்லெட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "யாருடி இந்த மரத்த வெட்டினது? பீச்சாங்கைக்காரனா?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எழுந்து போய், சமையல்கட்டு அலமாரியில் துணி சுற்றி வைத்திருந்த உளியை எடுத்து வந்தார். பிடி கறுத்து, கட்டைவிரல் பதியும் இடம் மட்டும் பள்ளமாக இருந்தது. வாசல் முருங்கையில் உளியை வைத்து ஒரே இழுப்பு: இடது மேலிருந்து வலது கீழாக. "இப்படித்தான் வரணும். மாத்தி வெட்டினா பால் குறையும். தண்டல் சும்மா விடுவானா?" தண்டல் என்றால் வேலையை மேற்பார்க்கும் கங்காணி.

அப்புறம் படித்துப் பார்த்தேன். பட்டைக்குள் பால் குழாய்கள் நேராக நிற்பதில்லை, மேலே போகப்போக லேசாக வலப்பக்கம் சாய்ந்திருக்கின்றன. அதனால் இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டுத்தான் அதிகக் குழாய்களை அறுக்கும். நான் புரட்டிப் போட்டதில் வெட்டும் திசை மாறியிருந்தது. பெரியம்மா இதைப் புத்தகத்தில் பார்த்தவர் இல்லை. இன்னொன்றையும் அவர்தான் பிடித்தார். வெட்டு வருடத்துக்கு வருடம் கீழே இறங்கிக்கொண்டே வரும், ஆகவே வெட்டி ஆறிய பட்டை மேலே, தொடாத பட்டை கீழே. நான் தழும்பையெல்லாம் கீழே போட்டு வைத்திருந்தேன். புரட்டிய எட்டுப் படத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி வரைந்தேன். "யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் டைரக்டர். பெரியம்மாவுக்குத் தெரியும் என்றேன்.

தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற கிராணி ஐயாவுக்கும் நன்றி. காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக் கொட்டகைச் சுவரில் கடிகாரம் ஏழேகால் காட்ட, அப்போதுதான் சூரியன் எட்டிப் பார்ப்பதாக வரைந்திருந்தேன். "அந்தக் காலத்துல அது ஆறேமுக்காலும்மா," என்றார். தீபகற்ப மலேசியாவில் 1982 ஜனவரி முதல் தேதிதான் மணியை அரை மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். முள்ளை நகர்த்த எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

கடைத்தெருப் பெயர்ப்பலகை எல்லாம் பெயின்டர் தாத்தா கைவண்ணம். நான் கணினி எழுத்தில் "முருகன் துணை" என்று அடித்து வைத்திருந்தேன். அவர் சிரித்துவிட்டு, தூரிகையைத் தொட்டு "ணை"யைப் பழைய தும்பிக்கை வடிவத்தில் எழுதிக் காட்டினார். தமிழ்நாட்டிலேயே 1978இல்தான் எழுத்து மாறியது, நம் கதை அதற்கு முந்தியது. வெளிநாட்டுக்கு விற்கும்போது மாற்ற வசதியாக எழுத்துகளைத் தனி அடுக்கில் வைப்பது வழக்கம். அந்தப் பலகையை மட்டும் எடுத்துவிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன். கேட்பார்களா, பார்ப்போம்.

தமிழ்ப்பள்ளியில் எனக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்த ஆசிரியரை விட்டுவிட முடியாது. அரசாங்கத் திரைப்பட நிறுவனமான ஃபிலெம் நெகாராவில் ஆனந்தம் சேவியர் என்பவர் ஹிக்காயாட் சாங் கஞ்சில் என்ற கார்ட்டூனை எடுத்தார், 1983இல் அது வெளிவந்தது என்று சொல்லி, அந்தப் பெயரைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினார். கார்ட்டூனை மனிதர்கள் உட்கார்ந்து வரைகிறார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

ஆல்பங்களைத் தைப்பூசத்துக்குள் வீட்டுக்கு வீடு கொண்டுவந்து தருகிறேன். ஒன்று மட்டும் யாருடையது என்று தெரியவில்லை. பச்சை அட்டை, முதல் பக்கத்தில் சைக்கிளோடு ஒரு பையன், பின்னால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை, தூளியில் இரண்டு குழந்தை. அதைக் கடைத்தெரு ஐந்தடியில் (கடை முன்நடையில்) தையல் மிஷின் போட்டிருக்கும் அண்ணனிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். பையன் பெயரைச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
மூன்றாவது லயம், ஐந்தாவது கதவு வீட்டுப் பேத்தி