சிரிப்பும் அழுகையும் தெரிந்த ஒரு தத்துவவாதி

அன்புள்ள நிலாவுக்கு,

ஜெர்மன் தத்துவவாதிகள் தலைக்குள்ளேயே குடியிருந்தவர்கள், நாள் முழுக்க உடம்பைத் தொட்டு வேலை பார்க்கிற பிசியோதெரபிஸ்டுக்கு அவர்களால் என்ன ஆகப்போகிறது என்று கேட்டிருந்தாய். ஹெல்முத் பிளெஸ்னரைப் படித்துவிட்டு அப்புறம் சொல்.

அவர் விலங்கியலும் படித்தவர். 1928இல் வந்த அவருடைய பெரிய நூல் உயிர்களின் படிநிலைகளைப் பற்றியது. ஒரு கல் ஓரிடத்தில் முடிகிறது, அவ்வளவுதான். இலை அப்படியில்லை. எதை உள்ளே விடுவது, எதை வெளியே அனுப்புவது என்பதெல்லாம் அதன் விளிம்பில்தான் நடக்கிறது. தன் எல்லையைத் தானே நடத்துவதுதான் உயிர் என்கிறார். விலங்கு தன் மையத்திலிருந்து வாழ்கிறது. மனிதன் அந்த மையத்திலும் இருக்கிறான், சற்றுத் தள்ளி நின்று தன்னைப் பார்க்கவும் செய்கிறான். அதனால் நாம் உடம்பாகவும் இருக்கிறோம், உடம்பை வைத்துக்கொண்டும் இருக்கிறோம். பக்கவாதம் வந்த கையை மற்றக் கையால் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறவர்களை நீ பார்த்திருப்பாய். அவருடைய கைதான், ஆனாலும் தூக்கி வைக்கவேண்டிய ஒரு பாரம்.

இந்த நூலுக்கு ஒரு வருடம் முன்பு இன்னொரு ஜெர்மன் தத்துவவாதியான ஹைடெக்கரின் 'இருப்பும் காலமும்' வந்துவிட்டது. ஊரே அதைத்தான் பேசியது. உடம்பைப் பற்றி ஏறக்குறைய எதுவுமே சொல்லாத நூல் அது! எனக்கு இன்னமும் ஆறவில்லை. 1933இல் பிளெஸ்னரின் வேலையும் போனது. அப்பா யூத வம்சம் என்பதால் கொலோன் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கினார்கள். நெதர்லாந்தின் குரோனிங்கனில் அடைக்கலம் புகுந்தார்.

அங்கிருந்த காலத்தில், 1941இல், சிரிப்பையும் அழுகையையும் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். சொல்லாலோ செயலாலோ பதில் தரமுடியாத நிலை வரும்போது நம் பிடி விட்டுப்போகிறது. அப்போது நமக்குப் பதிலாக உடம்பு பதில் சொல்கிறது. மூச்சு குலுங்குகிறது, தொண்டை அடைக்கிறது, அடக்க நினைத்தாலும் அடங்குவதில்லை. உடம்பிடம் அப்படித் தோற்பதிலும் ஒருவர் மனிதராகவே இருக்கிறார் என்கிறார் பிளெஸ்னர். வேலை பறிபோய், நாடு விட்டு வந்தவர் எழுதிய வரிகள் என்று நினைத்துப் படி.

பின்னாளில் ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் நகரில் தத்துவம் கற்பித்த கெர்னோட் போமே இன்னொரு அடி எடுத்து வைத்தார். உடம்பு என்பது நாமாகவே இருக்கிற இயற்கை. சுற்றுச்சூழல் கெடுவது நமக்கு உறைப்பதே உடம்பில் படும்போதுதான் என்பது அவர் கட்சி. எனக்கும் அது சரியென்றே படுகிறது.

பெரிய நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2019இல்தான் வந்தது, கடினமானதும்கூட. சிரிப்பு நூலில் தொடங்கு. அங்கே சொல்வது உன் சிகிச்சை அறையில் பொருந்துகிறதா என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்