லென்ஸோடு கிணற்றடிக்குப் போகாதே

முள்ளியவளை

அன்பு மகளுக்கு,

நானும் அப்பாவும் நல்ல சுகம். அதுபோல் நீயும் அங்கே சுகமாக இருக்க வற்றாப்பளை அம்மாளாச்சியை வேண்டுகிறேன். வைகாசிப் பொங்கலுக்கு வர டிக்கெட் எடுத்துவிட்டாய் என்று கேட்ட நாள் தொடக்கம் அப்பா கிணற்றடியைத் துப்புரவாக்கிக்கொண்டு திரிகிறார். நீ வருமுன்னம் உன் கண்ணைப் பற்றிக் கொஞ்சம் எழுதவேண்டும். போனில் சொன்னால் "ஓமம்மா, ஓமம்மா" என்றுவிட்டு வைத்துவிடுவாய்.

போன கிழமை வீடியோவில் கதைத்துக்கொண்டே நீ லென்ஸ் பெட்டியைப் பைப்பில் பிடித்துக் கழுவினாய். அந்த ஈரத்தோடேயே மூடியும் வைத்தாய். இரவு வேலை முடிந்து வந்தால் சில நாள் லென்ஸோடு நித்திரையாகிப்போவதாகவும் சொன்னாய். கண்ணாடிக்குப் பதிலாக நீ கண்ணுக்குள் லென்ஸ் போடுவது எனக்குப் பிழையாகத் தெரியவில்லை. குளிருக்குள் நின்றுவிட்டு பஸ்ஸில் ஏறினால் கண்ணாடி புகார் பிடிக்கிறது என்று நீ சொன்னது விளங்குகிறது. ஆனால் இந்த இரண்டு பழக்கத்தையும் இன்றைக்கே விடு, குஞ்சு.

கருவிழி என்று நான் சொல்வது கண்ணின் முன்பக்கத்தை மூடியிருக்கிற தெளிவான படலத்தை. அதற்குள் இரத்தக்குழாய் கிடையாது. அதனால்தான் அது மணிக்கூட்டுக் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கிறது. அதற்கு வேண்டிய ஒட்சிசன் பெரும்பாலும் வெளிக்காற்றிலிருந்து கண்ணீர் வழியாகத்தான் போகிறது. இமையையும் மூடி, உள்ளே லென்ஸும் கிடந்தால் அதற்கு மூச்சு முட்டும். மேல்தோல் சோர்ந்துபோகும், கண்ணீரும் ஓடிக் கழுவாது. லென்ஸில் ஒட்டியிருக்கிற கிருமிக்கு அது போதும். பகலில் மட்டும் லென்ஸ் போடுகிறவர்களைவிட, அதோடு படுத்தெழும்புகிறவர்களுக்குக் கருவிழிப் புண் வருவது பல மடங்கு கூட. சூடோமோனாஸ் என்ற பக்டீரியா பிடித்தால் ஓரிரு நாளிலேயே கருவிழி கரையத் தொடங்கிவிடும்.

தண்ணீரில் இருக்கிற ஆபத்து வேறு. அகந்தமீபா என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு உயிர், கிணறு, குளம், கடல், மண், நீ அங்கே குடிக்கிற சுத்தமான பைப் தண்ணீர் எல்லாவற்றிலும் இருக்கும். குடித்தால் ஒன்றும் செய்யாது. லென்ஸில் ஏறிக் கண்ணுக்குள் போனால்தான் வினை. தன்னைச் சுற்றிக் கோது கட்டிக்கொண்டு கிடக்கும், குளோரினுக்கும் லேசில் சாகாது. கண் சிவந்திருப்பதைப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது, நோவோ தாங்கமுடியாமல் இருக்கும். மருந்து மாதக்கணக்கில் விடவேண்டும். 1980களில் அமெரிக்காவில் உப்புக் குளிசையைத் தண்ணீரில் கரைத்து வீட்டிலேயே லென்ஸ் தண்ணீர் செய்தவர்கள் பலருக்கு இது வந்தது. உப்புத் தண்ணீர் கிருமியைக் கொல்லாது, மகள்.

நான் கண் வார்ட்டில் வேலை செய்த காலத்தில் அரிவு வெட்டு தொடங்கினால் எங்களுக்கு நித்திரை இல்லை. நெல்லுச் சுணையோ வைக்கோல் தும்போ கண்ணில் அடித்திருக்கும். வயல் வேலையை விட்டுவர முடியாமல் முதலில் தாய்ப்பால் விடுவார்கள், பிறகு நந்தியாவட்டைப் பூச்சாறு. அதுக்கும் கேளாவிட்டால் பாமசியில் போய் ஒரு சொட்டு மருந்து. அதில் ஸ்டீரொயிட் என்ற, சிவப்பையும் வீக்கத்தையும் அடக்குகிற மருந்து கலந்திருக்கும். இரண்டு நாள் சிவப்பு அடங்கும், ஆள் சந்தோசமாக வயலுக்குப் போவார், உள்ளே பங்கசு, அதுதான் பூஞ்சணம், வளர்ந்துகொண்டிருக்கும். டொக்டர் மஞ்சள் சாயத்தாளைக் கண்ணில் தொட்டு, நீல வெளிச்சம் அடித்துப் பார்க்கும்போது புண் பச்சையாக ஒளிரும். பக்கத்தில் நின்று நானும் பார்த்திருக்கிறேன். பிறகு இரவிரவாக மணிக்கொரு தரம் தட்டி எழுப்பி மருந்து விடவேண்டும். ஆறினாலும் பலருக்குக் கண்ணில் பூ விழுந்துவிடும், அந்தப் பக்கத்தில் ஆள் வந்தாலும் தெரியாது.

எங்கள் வயல்களில் இருக்கிற அதே பியூசேரியம் பங்கசுதான் 2005, 2006இல் சிங்கப்பூர், ஹொங்கொங், அமெரிக்கா எங்கும் லென்ஸ் போட்டவர்களைப் பிடித்தது. வயல் பக்கமே போகாத சனம். ஒரு பெரிய கம்பெனியின், லென்ஸை ஊறவைக்கிற திரவத்தோடு அது தொடர்புபட்டிருந்தது. 2006இல் உலகம் முழுவதும் அதை விற்பனையிலிருந்து எடுத்தார்கள். அமெரிக்காவில் மட்டும் 164 பேருக்கு இது உறுதிப்பட்டது. அவர்களில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினருக்குக் கருவிழி மாற்றவேண்டி வந்தது. பழைய திரவத்தை வெளியே ஊற்றாமல் அதற்கு மேலேயே புதிதை விட்டு நிரப்புகிற பழக்கமும் அந்தச் சனத்தில் பலருக்கு இருந்தது. நீயும் அப்படிச் செய்கிறாயோ தெரியாது. ஒவ்வொரு நாளும் பழையதை வெளியே ஊற்றிவிடு. பெட்டியைப் புது லென்ஸ் திரவத்தாலேயே கழுவி, திறந்து கவிழ்த்துக் காயவை. மூன்று மாதத்துக்கொருக்கால் புதுப் பெட்டி வாங்கு. லென்ஸைத் தொட முதல் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவி, நல்லாய்த் துடை. ஈரக்கையோடு தொடாதே.

இங்கே நிற்கிற நாட்களுக்கு லென்ஸே வேண்டாம். வைகாசியில் சோளகம் அடிக்க ஒழுங்கையெல்லாம் புழுதி பறக்கும். நீ வந்த அன்றைக்கே துலாக் கிணற்றில் அள்ளித் தலையில் ஊற்றுவாய், முல்லைத்தீவுக் கடலுக்கும் போகவேண்டும் என்பாய். எல்லாவற்றுக்கும் கண்ணாடியோடு போ, குளிக்கும்போது கழற்றி என்னிடம் தா. கண்ணாடி போட்டால் பெண்பிள்ளைக்கு வடிவு குறையும் என்று பெரியம்மா சொன்னால், அவவோடு நான் கதைக்கிறேன்.

ஒரு கண் மட்டும் சிவந்து நொந்தால், வெளிச்சம் கூசினால், பார்வை மங்கினால் உடனே லென்ஸைக் கழற்று. விடியட்டும் என்று இராதே. கண்ணைக் கட்டிவைக்காதே, கையில் இருக்கிற எந்தச் சொட்டு மருந்தும் விடாதே. லென்ஸையும் பெட்டியையும் எறியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. அதில் இருந்து கிருமியைக் கண்டுபிடிக்கலாம்.

கருவிழியை மாற்றலாம்தானே என்று நீ கேட்பாய். 1961இல் ஹட்சன் சில்வா தொடங்கிய கண் தானச் சங்கம் எங்கள் நாட்டிலிருந்து எத்தனையோ நாடுகளுக்குக் கருவிழி அனுப்பியிருக்கிறது, பெரிய புண்ணியம். ஆனால் கிருமி முற்றாக அடங்காத கண்ணில் வைத்தால் புதியதையும் அது பிடிக்கும்.

வெளிக்கிட முதல் அங்கே கண் டொக்டரிடம் காட்டி, இலக்கம் மாறியிருந்தால் கண்ணாடியையும் மாற்றிக்கொண்டு வா. டொக்டர் என்ன சொன்னவர் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா