சீட்டில் இல்லாத மருந்துகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சர்க்கரை நோய் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, நாட்டு மருந்தைத் தாமாகவே வாங்கிச் சாப்பிடும் நோயாளிகளைக் கடிந்துகொண்டது. மருந்துக்கடையில் நிற்கும் எனக்கு அவர்கள் மீது அவ்வளவு கோபம் வருவதில்லை. வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்க வேண்டியவர்கள் நாங்கள், கேட்பதில்லை.

கிளிமிபிரைடு அட்டையும் சிறுகுறிஞ்சான் பொடியும் ஒரே பில்லில் போகின்றன. இரண்டுமே சர்க்கரையை இறக்குபவை. அதுகூடப் பரவாயில்லை, சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி வியர்த்துக் கை நடுங்கினால் பலருக்குப் புரிந்துவிடும். இதய பலவீனத்துக்கு டிகாக்சினும் ஃபுரோசிமைடும் சாப்பிடும் பெரியவர் இருமலுக்கு அதிமதுரப் பொடி கேட்கும்போதுதான் எனக்குப் பகீர் என்கிறது. அதிமதுரத்தைத் தொடர்ந்து சாப்பிட்டால் உடலில் பொட்டாசியம் குறையும். ஃபுரோசிமைடும் அதையேதான் செய்யும். பொட்டாசியம் இறங்கிவிட்டால், வழக்கமான அளவு டிகாக்சினே நஞ்சாகி இதயத்துடிப்பு தாறுமாறாகலாம். கல்லாவில் இருப்பவருக்குத் தெரிவதோ இரண்டின் விலை மட்டும்.

மூலிகைக்கு அவ்வளவு வேகம் ஏது என்று சிரிக்கும் மருத்துவர்களையும் பார்க்கிறேன். மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின் என்ற பொருள், காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினை உடல் கூடுதலாக ஏற்கச் செய்கிறது. அதை நம்பித்தான் 450 மில்லிகிராமுக்குப் பதில் 200 மில்லிகிராம் ரிஃபாம்பிசின் கொண்ட காசநோய் மருந்து 2009இல் நம் நாட்டிலேயே விற்பனைக்கு வந்தது.

'வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா?' என்றால் 'இல்லை' என்றுதான் பதில் வரும். கஷாயமா, சூரணமா, லேகியமா, கால்சியம் மாத்திரையா என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். (தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும் என்பதை எத்தனை பேர் சொல்லி அனுப்புகிறோம்?) கேட்டபின் திட்டவும் கூடாது. ஒருமுறை திட்டு வாங்கியவர் அடுத்த முறை வாயே திறக்க மாட்டார்.

பல அரசு மருத்துவமனைகளில் சித்தா பிரிவு அதே வளாகத்தில் இருக்கிறது. அங்கே கொடுத்ததையும் ஆங்கில மருந்துகளையும் ஒரே நோட்டில் எழுதினால் என்ன? 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தன்னார்வலர்கள் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளோடு வீட்டுக்கே செல்கிறார்கள். அலமாரியில் இருக்கும் பொடி டப்பா அவர்கள் கண்ணில்தான் முதலில் படும். கவனிக்க வேண்டிய பத்துப் பன்னிரண்டு மூலிகைகளின் பட்டியலைத் தமிழில் அச்சிட்டுச் சுகாதாரத் துறை அவர்களுக்குக் கொடுக்கட்டும். எங்கள் கடைகளுக்கும் ஒன்று அனுப்பட்டும்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
கும்பகோணம்.