எந்த நோய்க்கு என்று கேட்டாயா?

காட்பாடி

அன்புள்ள கோபாலு,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தைத் தங்கச்சியையே விடச் சொல். நீ விட்டால் பாதி கன்னத்தில்தான் போகும். இங்கே வெயிலைப் பற்றி எழுத என்ன இருக்கிறது, வேலூர் உனக்குத் தெரியாத ஊரா?

சரி, சோயா விஷயத்துக்கு வருகிறேன். உளுந்து மஞ்சள் தேமலில் போனது உனக்கு இன்னும் ஆறவில்லை, புரிகிறது. அதற்காகக் கடைக்காரர் 'எந்த நோயும் வராது' என்று சொன்னதை நம்பி, மல்லாட்டை (நிலக்கடலை) போடுகிற கொல்லை முழுக்க சோயா போடுவதில் எனக்குச் சம்மதமில்லை. உளுந்தை மஞ்சளாக்கிய வெள்ளை ஈ சோயாவிலும் உட்காரும், தேமலைப் பரப்பும். அந்தத் தேமல் வைரஸைத் தாங்குகிற ரகம், பூஞ்சையால் வரும் துரு நோயில் அப்படியே படுத்துவிடலாம். ஒவ்வொரு நோய்க்கும் செடியில் தனித்தனி மரபணு வேலை செய்கிறது.

ரிட்டயர் ஆன அப்புறம் இதையெல்லாம் நிதானமாகப் படிக்க முடிகிறது. அமெரிக்காவில் சோயாவைப் பாடாய்ப் படுத்துவது ஒரு நூற்புழு, மண்ணில் வாழும் நூல் மாதிரி மெல்லிய புழு. 1954இல் வட கரோலினாவில் முதலில் கண்டார்கள். வேருக்குள் நுழைந்து, செல்களை ஒன்றாக உருக்கித் தனக்குத் தீனிக்கூடமாக்கிக்கொள்ளும். பெண் புழு உப்பி, செத்த பிறகு உடம்பே முட்டைப் பையாகி, உள்ளே நூற்றுக்கணக்கில் முட்டைகளோடு மண்ணில் பல வருஷம் கிடக்கும். இதைத் தாங்கும் சோயா சீனாவிலிருந்து வந்த விதைகளில் கிடைத்தது. ஆனால் எந்த மரபணு தாங்குகிறது என்பது பிடிபடவே இல்லை.

2012இல்தான் விடை வந்தது, எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. சோயாவின் 18ஆவது குரோமோசோமில் சுமார் 31,000 டி.என்.ஏ. எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு. சாதாரண சோயாவில் அது ஒன்றுதான் இருக்கிறது. புழுவைத் தாங்கும் ஒரு வகையிலோ அதே துண்டு அடுத்தடுத்துப் பத்து முறை! அதில் உள்ள மரபணுக்களில் மூன்றுக்குப் புழுவைத் தாங்குவதில் வேலை இருக்கிறது. அதில் ஒன்று கொஞ்சம் மாறிய புரதத்தைச் செய்கிறது. அது புழுவின் தீனிக்கூடத்தில் சேர்ந்து அந்தச் செல்களையே சாகடிக்க, புழு பட்டினியில் ஒடுங்கிவிடுகிறது. தன் செல்லைத் தானே பலி கொடுத்து எதிரியைத் தீர்க்கிற யோசனை, பார்.

வில்லங்கம் என்னவென்றால், அங்கே எதிர்ப்பு ரகங்களில் பெரும்பாலானவை பி.ஐ. 88788 என்ற எண்ணுள்ள ஒரே சோயா மூலவிதையிலிருந்து வந்தவை. வருஷா வருஷம் அதையே விதைத்ததில், அதிலும் பிழைக்கத் தெரிந்த புழு மட்டும் மிஞ்சிப் பெருகிவிட்டது. இப்போது வேறு மூலத்து ரகத்தை மாற்றிப் போடு, இடையில் மக்காச்சோளம் போடு என்கிறார்கள். உன் தாத்தா ராகியும் மல்லாட்டையும் மாற்றி மாற்றிப் போட்டாரே, கிட்டத்தட்ட அதைத்தான்.

இன்னொன்று கேள், சிரிப்பாய். பிரேசிலில் சோயாவை அழிக்கும் ஆசியத் துரு நோய்க்கு மரபணு தேடியவர்களுக்கு அது துவரையில் கிடைத்தது! அதை எடுத்துச் சோயாவில் சேர்த்தபோது துரு வளரவில்லை என்று 2016இல் வெளியிட்டார்கள். எல்லாத் துவரையிலும் அது இருக்கும் என்று நினைத்துவிடாதே. தவிர, மரபணு மாற்றிய சோயாவைப் பயிரிட நம் நாட்டில் அனுமதியும் இல்லை. ஆனாலும் நம் வரப்புத் துவரைக்கு இப்படி ஒரு சொந்தக்காரன் இருப்பதில் எனக்குப் பெருமைதான்.

அதனால் இந்தப் பட்டத்தில் கால் ஏக்கர் மட்டும் போட்டுப் பார். அதற்கு முன் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போய், நம் பக்கத்து மண்ணுக்கு எந்த ரகம், அது எந்த நோயைத் தாங்கும் என்று கேட்டுவிடு. விதைப் பையில் நீல அட்டை தைத்திருக்கிறதா என்றும் பார்த்து வாங்கு. ரகம் கலப்பில்லாதது, ஒழுங்காக முளைக்கும் என்பதற்குத்தான் அந்த அட்டை. நோய் வராது என்று அது எங்கேயும் சொல்லவில்லை. கடைக்காரர் வேறு மாதிரிச் சொன்னால் எனக்கு ஒரு போன் போடு, நானே பேசிக்கொள்கிறேன்.

உன்,
சேகர்