சப்பாத்தியை இப்போது நிறுத்தாதே

அன்புள்ள கயல்,

போனில் சொன்னால் பாதி உன் காதில் விழும், மீதி பேங்க் வேலையில் மறந்துபோகும். அதனால்தான் எழுதுகிறேன். டாக்டரிடம் போகும்போது இதைக் கையோடு எடுத்துக்கொண்டு போ.

முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வந்த டெர்மடைடிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ் என்கிற அரிப்புத் தோல் நோய் உனக்கும் வந்திருக்குமோ என்றுதான் சந்தேகம். கோதுமையை விட்டுவிட்டு, அரிப்பு அடங்குகிறதா என்று பார்க்கப்போவதாகச் சொன்னாய். வேண்டாம்மா. சோதனையெல்லாம் முடிகிறவரை சப்பாத்தி, பராத்தா, பிரெட் எதையும் நிறுத்தாதே. ராத்திரியில் தூக்கமில்லாமல் சொறிந்துகொண்டு கிடக்கிறவளிடம் இதைச் சொல்ல எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் கோதுமையில் இருக்கிற குளூட்டன் என்கிற புரதம் உள்ளே போவதால் உடம்பு உண்டாக்குகிற ஆன்டிபாடிகளை, அதாவது எதிர்ப்புப் பொருள்களைத்தான் இந்தச் சோதனைகள் தேடுகின்றன. சாப்பிடுவதை நிறுத்தினால் ரத்தத்தில் அவை மாதக்கணக்கில் குறைந்துகொண்டே போகும். தோலில் படிந்திருக்கிற ஆன்டிபாடி மெதுவாகத்தான் போகும், சிலருக்கு வருஷக்கணக்கில்கூட இருக்கும். ஆனாலும் அது இருக்கும் என்று நம்பிப் போக முடியாது. ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டால், அப்புறம் எந்த டாக்டரும் அந்தப் பக்கமே யோசிக்க மாட்டார்.

எனக்கு வந்தபோது நீ சின்னப் பெண், முழுக்கதையும் உனக்குத் தெரியாது. முழங்கையில்தான் ஆரம்பித்தது. சிரங்கு என்று சொல்லி வீட்டில் எல்லோரும் கழுத்திலிருந்து கால்வரை மருந்து பூச வேண்டும் என்றார்கள். உனக்கும் அப்பாவுக்கும் பூசிவிட்டேன். உங்கள் இரண்டு பேருக்கும் அரிப்பே கிடையாது, எனக்கோ குறையவே இல்லை. அப்புறம் எக்ஸிமா என்றார்கள், அலர்ஜி என்றார்கள். மனக்கவலை என்றுகூட ஒருவர் சொன்னார். கடைசியில் ஒரு டாக்டர் சரியாகச் சந்தேகப்பட்டார். ஆனால் சோதனை எதுவும் எழுதிக் கொடுக்காமல், கோதுமையை விட்டுப் பாருங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார். நானும் விட்டேன். மெல்ல மெல்லக் குறைந்ததும் உண்மை. ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு வேறொரு ஆஸ்பத்திரியில் முறையாகப் பார்க்கப் போனால், ரத்தத்தில் ஒன்றும் காட்டவில்லை. தோல் சோதனையும் தெளிவாக வரவில்லை. மறுபடி கோதுமை சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்றார்கள். அடங்கியிருந்த அரிப்பை நாமே கூப்பிட்டு வரவழைப்பது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். முழங்கையில் மட்டும் இருந்தது அந்த முறை முதுகு, பிட்டம், தலை என்று எல்லா இடத்திலும் வந்தது. அந்த வேதனை உனக்கு வரவே கூடாது.

விட்டால் சரியாகிவிடும் என்றால் சோதனை எதற்கு என்று கேட்டாய். நியாயமான கேள்விதான். இந்த நோய் என்று உறுதியானால் குளூட்டனை ஆயுள் முழுக்க விட வேண்டும். ஒரு துளிகூட இல்லாமல் விட வேண்டும். அதைச் சந்தேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் செய்ய முடியாது. கல்யாண வீட்டில் ஒரு நாள், ஆபீஸ் பார்ட்டியில் ஒரு நாள் என்று கை நழுவும். இன்னொரு காரணமும் உண்டு. தோலில் தெரிகிற இந்த நோய்க்கு அடியில் சீலியாக் என்கிற குடல் நோய் இருக்கிறது. வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு எதுவுமே இல்லாதவர்களுக்கும் குடலின் உள்பக்கம் பாதிக்கப்பட்டிருக்கலாம். இரும்புச்சத்து குறையலாம், எலும்பு பலவீனமாகலாம், தைராய்டும் சேர்ந்து கெடலாம். அதையெல்லாம் பார்க்க வேண்டுமா என்று முடிவுசெய்ய டாக்டருக்குக் கையில் ரிப்போர்ட் வேண்டும். கடைசியாக, உனக்கு வந்திருப்பது வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். அதையும் சோதனைதான் சொல்ல வேண்டும்.

ஆனால் நீ அனுப்பிய போட்டோக்களைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இரண்டு முழங்கையிலும் ஒரே மாதிரி, இரண்டு முட்டியிலும் ஒரே மாதிரி. கொத்துக்கொத்தாகச் சின்னக் கொப்புளம், சொறிந்து சொறிந்து பாதி பொருக்காகிவிட்டது. கொப்புளம் வருவதற்கு முன்னாலேயே செந்தட்டி பட்டதுபோல எரிகிறது என்றாய். எனக்கும் அப்படியேதான். டெர்மடைடிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ் என்ற பேரைக் கேட்டுப் பயந்துவிடாதே. ஹெர்ப்பஸ் கிருமிக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது, யாருக்கும் ஒட்டாது. உன் அறையில் இருக்கிற பெண்ணிடமும் இதைச் சொல்லிவிடு.

நீ எட்டாவது படிக்கும்போது எடுத்த ரத்தச் சோதனையில் இல்லை என்றுதானே வந்தது என்று அப்பா கேட்கிறார். ஒரு தடவை இல்லை என்று வந்தால் எப்போதுமே வராது என்று அர்த்தம் இல்லை. இந்த நோய் இருக்கிறவர்களின் பிள்ளைகளுக்கும் கூடப்பிறந்தவர்களுக்கும் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குச் சீலியாக் இருக்கலாம் என்கிறார்கள். அதற்கான மரபணு நமக்குள் இருக்கிறது, கோதுமையும் சேரும்போதுதான் நோய் வெளிப்படுகிறது. நம் நாட்டிலேயே வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்று மூன்று பகுதியில் ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். அந்த மரபணு எல்லாப் பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருக்கிறது. ஆனால் சீலியாக் நோய் வடக்கில் நூறு பேரில் ஒருவருக்கு மேல், நம் பக்கம் ஆயிரத்தில் ஒருவருக்கு. கோதுமை சாப்பிடுகிற அளவு வடக்கில் ஒரு நாளைக்கு 455 கிராம், தெற்கில் 25 கிராம். குடியாத்தத்தில் இட்லியும் சோறும் சாப்பிட்டு வளர்ந்த நீ, லூதியானாவுக்குப் போனதிலிருந்து மூன்று வேளையும் கோதுமைதான் சாப்பிடுகிறாய். இதில் உன் தப்பு எதுவும் இல்லை. அதில் ஒரு நல்லதும் உண்டு. அந்த ஊர் டாக்டர்கள் சீலியாக் நோயை நிறையப் பார்த்திருப்பார்கள். இங்கே நான் அலைந்த அளவு அலைச்சல் உனக்கு இருக்காது.

சரி, சோதனைக்கு வருகிறேன். ரத்தத்தில் டிடிஜி ஐஜிஏ என்று ஒரு சோதனை எடுப்பார்கள். ஐஜிஏ என்பது ஒரு வகை ஆன்டிபாடி. அதோடு மொத்த ஐஜிஏ அளவையும் எடுக்கச் சொல். சிலருக்கு உடம்பிலேயே ஐஜிஏ குறைவாக இருக்கும். அப்படி இருந்தால் முதல் சோதனை நோய் இருந்தாலும் இல்லை என்றே காட்டும். வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. தோல் நோய் மட்டும் தெரிகிறவர்களில் சிலருக்கு ரத்தத்தில் ஒன்றும் வராது, அதனால் ரத்தம் சரியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினால் அதோடு விட்டுவிடாதே. முடிவு சொல்வது தோல் சோதனைதான்.

இந்த இடத்தை மட்டும் நிதானமாகப் படி. பெரும்பாலான தோல் நோய்க்குப் புண் இருக்கிற இடத்திலிருந்துதான் தோலை எடுப்பார்கள். இதற்கு, புண்ணுக்குப் பக்கத்தில் பார்வைக்கு நன்றாக இருக்கிற தோலிலிருந்து எடுக்க வேண்டும். தோலுக்குள் ஐஜிஏ பொடிப்பொடியாகப் படிந்திருப்பதை 1969இல் வான் டெர் மீர் என்ற டாக்டர் காட்டினார். இன்றைக்கும் அதைத்தான் தேடுகிறார்கள். கொப்புளத்துக்குள்ளேயே எடுத்தால் அங்கே இருக்கிற அழற்சி அந்தப் படிவை அழித்திருக்கும், ரிப்போர்ட் தப்பாக வரும். ஆகவே பெரும்பாலும் இரண்டு துண்டு எடுப்பார்கள். புது கொப்புளத்திலிருந்து ஒன்று, அது சாதாரண மைக்ராஸ்கோப் சோதனைக்கு. பக்கத்துத் தோலிலிருந்து ஒன்று, அது படிந்திருக்கிற ஐஜிஏவை ஒளிர வைத்துக் காட்டுகிற டைரக்ட் இம்யூனோஃப்ளோரசன்ஸ் சோதனைக்கு. முதல் துண்டை, கெடாமல் வைக்கிற ஃபார்மலின் திரவத்தில் போடலாம். இரண்டாவதை ஃபார்மலினில் போடவே கூடாது, போட்டால் சோதனை பயன்படாது. அதற்கு மிஷெல்ஸ் மீடியம் என்று தனித் திரவம் இருக்கிறது. அந்த ஆஸ்பத்திரியில் இந்தச் சோதனை செய்கிறார்களா, இல்லை வெளி லேபுக்கு அனுப்புகிறார்களா, எந்தப் பாட்டிலில் அனுப்புவார்கள் என்று தேதி வாங்கும்போதே கேட்டுவிடு. டாக்டரிடம் இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நல்ல டாக்டர் சந்தோஷமாகவே பதில் சொல்வார்.

வலிக்குமா என்று கேட்பாய். மரத்துப்போகிற ஊசி போடும்போது சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். பென்சில் தடிமனைவிடச் சின்னதாகத்தான் எடுப்பார்கள், ஒன்றிரண்டு தையல் போடுவார்கள். அதற்குள் கொப்புளம் காய்ந்துவிட்டால் புதிதாக வந்தவுடன் உடனே போ, வருகிற எல்லாவற்றையும் தேதியோடு போட்டோ எடுத்து வை. இதுவரை என்ன களிம்பு தடவினாய், என்ன மாத்திரை போட்டாய் என்று ஒன்று விடாமல் சொல்.

டாப்சோன் என்று ஒரு மாத்திரை எழுதிக்கொடுக்கலாம். அதைப் பற்றி உனக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வேலூர்ப் பக்கத்தில் அந்தப் பேரைக் கேட்டாலே ஜனங்களின் முகம் மாறும். தொழுநோய்க்குக் கொடுக்கிற மருந்து அது. 1940களில் செங்கல்பட்டில் காக்ரேன் என்ற டாக்டர் அதைக் கொடுக்கத் தொடங்கினார், எத்தனையோ பேர் அதனால் பிழைத்தார்கள். நான் வாங்கப் போனபோது மருந்துக்கடையில் இருந்தவர் சீட்டையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தார். தொழுநோயாளிகளை ஒதுக்குவதே அநியாயம், அந்தப் பயத்தில் நம்முடைய மருந்தை விட்டுவிடுவது அதைவிட அநியாயம். நமக்கு அது அரிப்பை அடக்குகிறது, சில நாளிலேயே நிம்மதி தெரியும். ஆனால் அதை ஆரம்பிப்பதற்கு முன் ஜி6பிடி என்கிற நொதியைப் பார்க்கிற ரத்தச் சோதனை கண்டிப்பாக எடுக்க வேண்டும். அந்த நொதி குறைவாக இருக்கிறவர்களுக்கு ரத்தச் சிவப்பணுக்கள் மோசமாக உடைந்துபோகும். ஆரம்பித்த பிறகும் அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும். உதடு நீலம் பாய்ந்தாலோ மூச்சு வாங்கினாலோ ஜுரம் வந்தாலோ உடனே டாக்டரிடம் போ. மாத்திரையில் குறைந்துவிட்டது, ஆகவே இதே நோய்தான் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதே, வேறு சில தோல் நோய்களும் அதற்கு அடங்கும். மாத்திரை குடலுக்கு ஒன்றும் செய்யாது என்பதும் ஞாபகம் இருக்கட்டும். குடல் ஆற வேண்டுமென்றால் சாப்பாடுதான் மாற வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி ரிப்போர்ட் வந்த பிறகு உட்கார்ந்து பேசுவோம். கோதுமையை விட்ட பிறகும் தோல் முழுசாக ஆறுவதற்குச் சில மாதங்கள் ஆகும், இரண்டு வருஷம்கூட ஆகலாம். அதை இப்போதே மனதில் வைத்துக்கொண்டால் நடுவில் சோர்ந்துபோக மாட்டாய். மற்றபடி பயப்பட ஒன்றும் இல்லை. நம் வீட்டுச் சமையலில் முக்கால்வாசி அரிசியும் பருப்பும்தானே. மறைந்திருக்கிறவைதான் தொந்தரவு. கட்டிப் பெருங்காயத்திலும் தூள் பெருங்காயத்திலும் பெரும்பாலும் கோதுமை மாவு கலப்பார்கள். ஹார்லிக்ஸில் கோதுமையும், குளூட்டன் இருக்கிற பார்லியும் உண்டு. மாவு மில்லில் கோதுமை அரைத்த மெஷினிலேயே நம் அரிசியையும் அரைத்துக் கொடுப்பார்கள், அதனால்தான் நான் வீட்டு மிக்ஸியிலேயே அரைத்துச் சலிக்கிறேன். உன் ஊரில் மக்காச்சோள ரொட்டி கிடைக்கும், அரிசிக்கும் பஞ்சமில்லை. உனக்குச் சமைத்துப் போடுகிற ஆன்ட்டியிடம் தனித் தோசைக்கல், தனி மாவு என்று எப்படிக் கேட்பது என்பதை அப்போது யோசிப்போம். இப்போதைக்கு அவர் போடுகிற சப்பாத்தியைச் சாப்பிடு.

தோல் டாக்டரிடம் தேதி வாங்கியதும் எனக்குச் சொல். தையல் போட்ட கையோடு துணி துவைக்கவும் தலை குளிக்கவும் உனக்குச் சிரமமாக இருக்கும். நான் வந்து ஒரு வாரம் கூட இருக்கிறேன், அப்பா இங்கே சமாளித்துக்கொள்வார். டிக்கெட் எடுக்க முன்கூட்டியே தெரிந்தால் நல்லது.

அன்புடன்,
அம்மா