மட்டைத் தட்டில் பூஞ்சை ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளாஸ்டிக் தட்டுக்கு மாற்று பற்றிய உங்கள் கட்டுரை, பாக்கு மட்டைத் தட்டை ‘பூஞ்சை பிடிக்கும்’ என்று ஒரே வரியில் தள்ளிவிட்டது. பூஞ்சை பிடிப்பது உண்மைதான். அதற்குக் காரணம் அரைகுறையாகக் காயவைத்து அடுக்குவது.

மட்டை என்பது ஓலையின் அடியில் மரத்தைச் சுற்றிப் பிடித்திருக்கும் உறை. ஒரு மரம் ஆண்டுக்கு ஐந்தாறு மட்டை உதிர்க்கும். விழுந்த அன்றோ மறுநாளோ பொறுக்கிவிட வேண்டும். மழையில் நனைந்து தோட்டத்தில் கிடந்தால் கரும்புள்ளி விழும். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் போகாது. அதை மறைக்கச் சிலர் கந்தகப் புகை போடுகிறார்கள். பால்வெள்ளைத் தட்டைக் கண்டால் சந்தேகப்படுவதே நல்லது. மட்டையின் இயல்பான நிறம் வெளிர் பழுப்பு.

வெயிலில் காய்ந்த மட்டையைத் தட்டடிக்கும் முன் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, நிறுத்திவைத்து நீரை வடிக்க வேண்டும். பிழை பெரும்பாலும் இங்கேதான். வளைத்தால் ஒடியாமல் வளைய வேண்டும். கையில் ஈரம் ஒட்டக் கூடாது. காய்ந்துபோன மட்டை அச்சில் நார்வாக்கில் விளிம்பு வெடிக்கும். ஈரம் மிஞ்சினால் உள்ளே நீராவி அடைபட்டு ஏடு பிரியும், ஆறியதும் தட்டு கோணிக்கொள்ளும். சுமார் 100 டிகிரி சூட்டில் ஒரு நிமிடம் அழுத்தினால் போதும். பசையோ பூச்சோ வேண்டாம்.

அச்சிலிருந்து வரும் தட்டு வெதுவெதுப்பாக, மொறமொறவென்று இருக்கும். காய்ந்துவிட்டது என்று நம்பி அப்போதே 25, 25 ஆக அடுக்கி பாலிதீன் உறையில் போட்டு ஒட்டிவிடுகிறார்கள். உறைக்குள் வியர்க்கிறது, பத்து நாளில் நடுத்தட்டில் சாம்பல் நிறப் பூஞ்சை படர்கிறது. (பிளாஸ்டிக்குக்கு மாற்றான பொருளைப் பிளாஸ்டிக்கில் சுற்றுவது தனி வேடிக்கை.) விரித்துப் போட்டு ஒரு நாள் வெயிலோ மின்விசிறிக் காற்றோ காட்டி, காகித உறையில் கட்டினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது.

பூஞ்சையைவிடப் பெரிய கேள்வியைக் கட்டுரை தொடவே இல்லை. பாக்கில் உள்ள அரிகோலின் போன்ற ஆல்கலாய்டுகள் (உடலுக்குக் கேடு செய்யக்கூடிய தாவர வேதிப்பொருள்கள்) தட்டிலிருந்து உணவில் இறங்கலாம் என்று சொல்லி, இவ்வகைத் தட்டுகளை விற்கக் கூடாது என அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2025இல் அறிவித்தது. இங்கே தயாரிப்பவர்கள் இதை ஏளனம் செய்யாமல், சூடான குழம்பையும் எண்ணெயையும் ஊற்றிச் சோதித்த ஆய்வக அறிக்கையைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

கட்டுரை பரிந்துரைக்கும் பேப்பர் கப்பைப் பற்றியும் ஒன்று. அதை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து உள்பக்கத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். காகிதம் கூழாகிப் போக, கண்ணாடி போல் மெல்லிய ஏடு ஒன்று கையோடு உரிந்து வரும். பெரும்பாலும் அது பாலிதீன். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் நடப்பில் உள்ள தடைப் பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் இருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தத்துக்கு மட்டைத் தட்டு வாங்குவோர் கட்டின் நடுவிலிருந்து ஒன்றை உருவி முகர்ந்து பார்க்கவும். புழுக்க நெடி அடித்தால் கட்டையே திருப்பிவிடலாம். நல்ல கட்டு என்றாலும் பந்திக்கு முதல் நாளே பிரித்து வெயிலில் காட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், வாழப்பாடி